முதல் நாளே வயிறு நிறைய ஊட்டாதீர்கள்: மெலிந்த குழந்தைகளைப் பராமரிக்க வரும் புது மிஷனரிகளுக்கு

நான் இந்த ஊழியத்துக்கு வந்த இரண்டாவது நாள் அது. இரண்டு வயதைத் தொடப்போகும் ஒரு பையன், எடை 5 கிலோ. அளந்து கொடுத்த பாலைக் குடித்து முடித்துவிட்டு வெறும் கிண்ணத்தை என்னிடம் நீட்டி அழுதான். எனக்கு மனசு கேட்கவில்லை. ஜாடியிலிருந்து இன்னும் கொஞ்சம் ஊற்றப் போனேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து ஜாடியைப் பிடித்துக்கொண்டது. அங்கே பதினைந்து வருஷமாகப் பிள்ளைகளைப் பார்த்துவந்த அக்கா. “தம்பி, அழுகையைப் பார்க்காதீங்க, கடிகாரத்தைப் பாருங்க. அடுத்த பாலுக்கு இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் இருக்கு” என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. பசித்த பிள்ளைக்குப் பால் இல்லை என்று சொல்லவா இவ்வளவு தூரம் வந்தேன் என்று நினைத்தேன். நான் செய்யப்போன காரியம் அந்தப் பிள்ளையின் உயிருக்கே உலை வைத்திருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

குழந்தைகள் இல்லத்துக்கு ஊழியம் செய்ய வருகிறவர்களில் பலர் என்னைப் போலத்தான் வருகிறார்கள். அன்புக்குக் குறைவில்லை, பொறுமைதான் போதவில்லை. ஊட்டுவதில் அவசரம், ஒட்டிக்கொள்வதில் அவசரம், படம் பிடிப்பதில் அவசரம். இந்தக் கட்டுரை அந்த அவசரத்தைக் குறைத்துக்கொள்வதற்கான வழிகாட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவ முடிவுகளை எடுக்க வேண்டியவர்கள் டாக்டரும் பயிற்சி பெற்ற நர்ஸும்தான். அவர்கள் எழுதி வைப்பதைப் பிசகாமல் செய்ய நீங்கள் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

கிளம்புவதற்கு முன்

பெட்டியைக் கட்டுவதற்கு முன் அந்த இல்லத்துக்குச் சில கேள்விகளை எழுதிக் கேளுங்கள். அரசிடம் பதிவு செய்திருக்கிறார்களா? டாக்டர் எப்போது வருவார், அவசரத்துக்கு எந்த ஆஸ்பத்திரி? ஒரு பராமரிப்பாளருக்கு எத்தனை குழந்தைகள்? குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை எழுத்தில் இருக்கிறதா? போன வருஷம் எத்தனை குழந்தைகள் தங்கள் குடும்பத்தோடு திரும்பச் சேர்ந்தார்கள்? கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் பதில் வந்தால் நல்ல இடம். “இங்கே வந்த பிள்ளைகள் யாரும் திரும்பப் போவதில்லை” என்று பெருமையாகச் சொன்னால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

அவர்களும் உங்களைக் கேள்வி கேட்க வேண்டும். காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழ், உங்களை அறிந்தவர்களின் பரிந்துரைக் கடிதம், தடுப்பூசி விவரம், காசநோய்ப் பரிசோதனை. இவை எதையும் கேட்காமல் “எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்” என்று ஓர் இல்லம் சொன்னால் அங்கே போகாதீர்கள். உங்களை விசாரிக்காதவர்கள் மற்றவர்களையும் விசாரித்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்று. அழைப்பு இருக்கிறது என்பது ஊசி போடுவதற்கான தகுதி ஆகாது. சொந்த நாட்டில் எதைச் செய்ய உங்களுக்கு அனுமதி இல்லையோ, அதை இங்கேயும் செய்யக் கூடாது. டிரிப் ஏற்றுவது, மூக்கு வழியாகக் குழாய் விடுவது, மருந்தின் அளவைத் தீர்மானிப்பது எல்லாம் இதில் அடக்கம். ஆள் இல்லை, அவசரம், வேறு வழியில்லை என்பார்கள். வேறு வழி உண்டு: பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவது.

இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டும் வருகிறவராக இருந்தால் குழந்தைகளை நேரடியாகப் பார்க்கும் வேலையைக் கேட்காதீர்கள். சலவை, சமையலறை, கணக்கு, கூரை பழுது என்று கைக்கு வேலை நிறைய இருக்கும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் வாரம்: அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

முதல் வாரத்தில் உங்கள் வேலை மூன்றே மூன்று: கை கழுவுவது, பார்ப்பது, அளப்பது. மெலிந்த குழந்தையின் உடம்பில் எதிர்ப்புச் சக்தி ஏறக்குறைய இல்லை. உங்களுக்குச் சாதாரண வயிற்றுப்போக்காக வந்து போவது அவர்களில் ஒருவரைக் கொண்டுபோய்விடும். ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளையிடம் போகும்போதெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அப்புறம் அளவு. 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முதலில் எடுப்பது மேல்கைச் சுற்றளவு. மூன்று நிறம் போட்ட பட்டை ஒன்று கொடுப்பார்கள். இடது கை, தோள்பட்டை நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவில், கை தளர்வாகத் தொங்க வேண்டும். பட்டை தோலைத் தொட வேண்டும், அமுக்கக் கூடாது. 115 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் சிவப்பு, கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. 115 முதல் 125 வரை மஞ்சள். 115 மில்லிமீட்டர் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் உங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலோருக்கு அந்த வளையத்துக்குள் அடங்கிவிடும் அளவுதான் அது. ஒரு குழந்தையின் புஜம் அதற்குள் அடங்குகிறது என்பதை முதல் தடவை பார்க்கும்போது மனசு என்னவோ செய்யும்.

எடை தினமும் ஒரே நேரத்தில், பாலுக்கு முன், துணியில்லாமல். குளிரும் என்பதால் தராசைத் தயார் செய்து, மேலே விரித்த துணியோடு பூஜ்யத்தில் வைத்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். எண்ணை உரக்கச் சொல்லுங்கள், இன்னொருவர் எழுதட்டும். ‘பிறகு எழுதிக்கொள்ளலாம்’ என்று மனசில் வைத்த எண் மத்தியானத்துக்குள் மாறிவிடும். எனக்கு மாறியிருக்கிறது.

கால் வீக்கத்தையும் பார்க்கத் தெரிய வேண்டும். இரண்டு பாதத்தின் மேல்பக்கமும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுங்கள். இரண்டிலும் குழி விழுந்து அப்படியே நின்றால் அது ஊட்டச்சத்துக் குறைவின் வீக்கம். கை பட்டை பச்சை காட்டினாலும் இந்தக் குழந்தை கடுமையான நிலையில்தான் இருக்கிறது. புதிதாக வந்தவர்கள் ஏமாறுவது இங்கேதான். முகம் உப்பி, கன்னம் கொழுகொழுவென்று இருக்கும். “இந்தப் பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது?” என்பார்கள். வீங்கிய பிள்ளைக்கு முதல் சில நாட்களில் எடை குறையும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம், உடம்பில் தேங்கிய நீர் வடிகிறது. எடை குறைந்து, காலில் குழியும் மறைந்தால் அன்று மாலை ஜெபத்தில் நன்றி சொல்லலாம்.

இந்த வீக்க நோய்க்கு மருத்துவ உலகில் குவாஷியோர்கர் என்று பெயர். 1930-களில் மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கானாவில் பணியாற்றிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், அங்குள்ள கா மொழிப் பெண்கள் சொன்ன சொல்லையே எடுத்து மருத்துவ இதழில் எழுதினார். அடுத்த குழந்தை பிறந்ததும் மடியிலிருந்து இறக்கிவிடப்பட்ட மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். டாக்டர்கள் எழுதுவதற்கு முன்பே தாய்மாருக்கு இந்த நோய் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்திருக்கிறது. ஒரு பிள்ளை வந்து சேரும்போது “வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா?” என்று கேட்கச் சொல்வது இதனால்தான்.

ஊட்டுவது

இதுதான் இந்த வேலையின் நடு முதுகெலும்பு. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நீண்ட நாள் பட்டினி கிடந்த உடம்பு, அடுப்பைத் தணித்துப் போட்ட வீடு மாதிரி. இதயம், ஈரல், சிறுநீரகம், குடல் எல்லாம் குறைந்த வேகத்தில் ஓடுகின்றன. அந்த உடம்புக்குள் ஒரேயடியாகச் சோறும் புரதமும் சர்க்கரையும் போனால் இன்சுலின் எகிறும். ரத்தத்தில் ஏற்கெனவே குறைவாக இருக்கும் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் மெக்னீசியமும் செல்களுக்குள் இழுக்கப்பட்டுவிடும். இதயம் துடிப்பதற்கே அவை வேண்டும். நன்றாகச் சாப்பிட்ட பிள்ளை இரண்டாம் நாள் மூச்சு வாங்கி இறப்பது இப்படித்தான். இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது சிறைமுகாம்களிலிருந்து மீட்கப்பட்ட பெரியவர்களிலும் வயிறார உணவு கிடைத்த பிறகு இறந்துபோனவர்கள் உண்டு.

அதனால் முதல் கட்டத்தில் கொடுப்பது எஃப்-75 என்ற பால். 100 மில்லிக்கு 75 கலோரி, புரதம் ஒரு கிராமுக்கும் குறைவு. எடை கூட்டுவது இதன் வேலையே கிடையாது. உயிரை நிலைநிறுத்துவதுதான் வேலை. ஒரு நாளைக்கு, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 130 மில்லி என்பது பொதுக் கணக்கு. வீக்கம் கடுமையாக இருந்தால் 100 மில்லி. நான் முதலில் சொன்ன 5 கிலோ பையனுக்கு நாளைக்கு 650 மில்லி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று பன்னிரண்டாகப் பிரித்தால் ஒரு வேளைக்கு ஏறக்குறைய 55 மில்லி. நான்கு வாய்ப் பால். அவன் அழாமல் என்ன செய்வான்?

ஊட்டும் முறை இது.

கை கழுவிவிட்டுச் சார்ட்டைப் பாருங்கள். அளவு, நேரம், பிள்ளையின் பெயர் மூன்றையும் வாய்விட்டுப் படியுங்கள். ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகள் இருப்பது சர்வசாதாரணம்.

பிள்ளையை மடியில் நிமிர்த்தி உட்காரவையுங்கள். படுக்கவைத்து ஊற்றினால் மூச்சுக்குழாயில் போகும். பால்புட்டி வேண்டாம், அதைச் சுத்தமாக வைத்திருப்பது ரொம்பக் கஷ்டம். கிண்ணமும் கரண்டியும் போதும். ரொம்பச் சோர்ந்த பிள்ளைக்கு ஊசியில்லாத சிரிஞ்சால் கன்னத்தின் உட்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விடுவதை நர்ஸ் சொல்லிக்கொடுப்பார். கண்ணைப் பாருங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், ஏதாவது பேசிக்கொண்டே இருங்கள். மூக்கைப் பிடித்து வாயைத் திறப்பது, தலையை அழுத்திப் பிடிப்பது போன்றவற்றை யாராவது செய்தால் தடுங்கள். தாய் கூடவே இருந்தால் முதலில் தாய்ப்பால், பிறகு இந்தப் பால். ஊட்டுவதும் தாயாகவே இருக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள்.

குடித்தது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு, வாந்தி எவ்வளவு என்று உடனே எழுதுங்கள். ‘நன்றாகக் குடித்தான்’ என்று எழுதாதீர்கள். ‘55-இல் 40’ என்று எழுதுங்கள். கொடுத்ததில் 80 சதவீதம்கூடப் போகாமல் இரண்டு மூன்று வேளை தொடர்ந்தால் நர்ஸ் குழாய் வழியாகக் கொடுப்பதைப் பற்றி முடிவு செய்ய வேண்டியிருக்கும். உங்கள் ‘நன்றாகக் குடித்தான்’ அந்த முடிவை ஒரு நாள் தள்ளிப்போட்டுவிடும். அந்த ஒரு நாள் சில பிள்ளைகளிடம் இருக்காது.

சில நாளில் பசி திரும்பும், வீக்கம் வடியத் தொடங்கும். அப்போது 100 மில்லிக்கு 100 கலோரி உள்ள எஃப்-100 பாலுக்கோ, வேர்க்கடலையும் பால்பொடியும் எண்ணெயும் சர்க்கரையும் சேர்த்த சிகிச்சைப் பசைக்கோ மாற்றுவார்கள். மாற்றமும் படிப்படியாகத்தான். முதல் இரண்டு நாள் அதே அளவு, பிறகு வேளைக்கு 10 மில்லியாக ஏற்றிக்கொண்டே போய், பிள்ளை மிச்சம் வைக்கிற இடத்தில் நிறுத்துவது. இந்த நாட்களில் நாடியையும் மூச்சையும் விடாமல் எண்ண வேண்டும். மூச்சு நிமிடத்துக்கு 5-உம் நாடி 25-உம் கூடி, அடுத்த முறை எண்ணும்போதும் அப்படியே இருந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். எண்ணும்போது முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குவது நம்முடைய அவசரத்தின் இன்னொரு வேஷம்.

மூன்று விஷயங்களில் நல்லெண்ணத்தோடு தப்பு செய்கிறார்கள். ஒன்று, ரத்தசோகையாகத் தெரிகிறதே என்று முதல் நாளே இரும்புச்சத்து கொடுப்பது. முதல் கட்டத்தில் கூடாது, தொற்றை அது மோசமாக்கும். எடை ஏறத் தொடங்கிய பிறகுதான் இரும்பு. இரண்டு, வயிற்றுப்போக்குக்கு வழக்கமான ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுப்பது. இந்தப் பிள்ளைகளுக்கு அதில் சோடியம் அதிகம். உப்பு குறைந்த, பொட்டாசியம் கூடிய ரீசோமால் என்ற தனிக் கரைசல் உண்டு. காலரா போன்ற சந்தர்ப்பத்தில் கணக்கு மாறும், அது டாக்டர் வேலை. மூன்று, காய்ச்சல் இல்லையே, தொற்று இருக்காது என்று நினைப்பது. இந்த உடம்புக்குக் காய்ச்சலை உண்டாக்கக்கூடச் சக்தி இருக்காது. அதனால்தான் கடுமையான நிலையில் அனுமதிக்கப்படும் பிள்ளைகளுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் ஆன்டிபயாடிக் எழுதுகிறார்கள்.

ராத்திரி

இந்த ஊழியத்தில் நிஜமான வேலை ராத்திரி 12-க்கும் காலை 5-க்கும் நடுவில் இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை குறைவதும் உடம்பு குளிர்வதும் அண்ணன் தம்பி மாதிரி, ஒன்று வந்தால் மற்றது பின்னாலேயே வரும். இரண்டும் வருவது பெரும்பாலும் விடியற்காலையில், ஒரு வேளைப் பாலைத் தூக்கக் கலக்கத்தில் விட்டுவிட்ட இரவில். “அசந்து தூங்குகிறான், எழுப்ப வேண்டாம்” என்று தோன்றும். எழுப்புங்கள். எழுப்பியும் முழிக்காமல் துவண்டு கிடந்தால் அது தூக்கம் இல்லை, உடனே ஆளைக் கூப்பிட வேண்டிய அபாயம்.

அக்குளில் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் உடனே போர்த்த வேண்டும். தலையையும் சேர்த்து. தாயோ பராமரிப்பாளரோ வெறும் மார்போடு பிள்ளையை அணைத்து இருவரையும் சேர்த்துப் போர்த்துவதுதான் இருப்பதிலேயே சிறந்த ஹீட்டர். வெந்நீர்ப் பை வேண்டாம், தோல் சுட்டுவிடும். மூத்திரம் பெய்த துணியை அந்தக் கணமே மாற்றுங்கள். ரொம்ப மோசமாக இருக்கும் பிள்ளையை அழுக்காக இருக்கிறதே என்று வந்த அன்றே குளிப்பாட்டாதீர்கள். அழுக்கு நாளைக்குப் போய்க்கொள்ளும்.

முதல் மாதம் நைட் ட்யூட்டியில் மூன்று அலாரம் வையுங்கள். மூன்றாவதை எழுந்து போய் அணைக்கும்படி தள்ளி வையுங்கள்.

பகல் எப்படிப் போகும்

பெரிய சம்பவங்களை எதிர்பார்த்து வருகிறவர்களுக்குப் பகல் சப்பென்று இருக்கும். இருட்டோடு எழுந்து ஷிஃப்ட் மாற்றம். ராத்திரிப் பார்த்தவர் ஒவ்வொரு கட்டிலாக நின்று சொல்ல, நீங்கள் கேட்க வேண்டும். எடை, பால், துணி மாற்றுதல், மருந்து, மறுபடி பால். குணமாகி நடமாடும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு, பல் தேய்ப்பு, பள்ளிக்கு அனுப்புதல். மலைபோல் சலவை. மத்தியானம் சார்ட் சரிபார்ப்பு. சாயங்காலம் மறுபடி அத்தனையும். காலை தியானம் ஆறு மணிக்கு, பாலும் ஆறு மணிக்கு என்றால் ட்யூட்டியில் இருப்பவருக்குப் பால்தான். தியானத்துக்கு முறை வைத்துக்கொள்ளலாம். வருத்தப்பட ஒன்றுமில்லை, வேதம் ஓடிப்போகாது.

இதில் ஒரு அரை மணி நேரத்தை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்: விளையாட்டு. உலக சுகாதார அமைப்பின் சிகிச்சை முறையிலேயே தினம் 15 முதல் 30 நிமிடம் விளையாட்டு என்பது பாலுக்கும் மருந்துக்கும் சமமான ஒரு படி. பட்டினியில் மூளையும் ஒடுங்கும். பிள்ளை சிரிக்காது, பொம்மையை நீட்டினால் கை வராது, அழுதால்கூடச் சத்தம் வராது. உடைந்த வளையல்களையோ சிறு பொருள்களையோ கொடுக்காதீர்கள், விழுங்கிவிடும். மூடியுள்ள டப்பா, துணிப்பந்து, அடுக்குகிற கிண்ணங்கள் போதும். முகத்தை மறைத்துத் திறந்து காட்டுங்கள். ஆறு நாள் எதுவும் நடக்காது. ஏழாம் நாள் உதட்டோரம் ஒன்று நெளியும். அன்று தராசில் ஏறியதைவிட இது பெரிய செய்தி. சார்ட்டில் எழுதுங்கள்: ‘இன்று சிரித்தாள்.’ எங்கள் டாக்டர் ரவுண்ட்ஸில் அந்த வரியைத்தான் முதலில் தேடுவார்.

உங்கள் மேல் ஏறி விழும் குழந்தை

குணமான பிள்ளைகள் இருக்கும் அறைக்குள் நுழைந்தவுடன் நாலைந்து பேர் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வார்கள். முன்பின் தெரியாத உங்களை அம்மா, அப்பா என்று கூப்பிடுவார்கள். பலர் அன்றே வீட்டுக்கு எழுதிவிடுகிறார்கள், “என்னைப் பார்த்தவுடன் ஒட்டிக்கொண்டார்கள்” என்று.

அதைப் பார்த்து மகிழாதீர்கள். வீட்டில் வளரும் குழந்தை புது ஆளைக் கண்டால் அம்மா முந்தானைக்குப் பின்னால் ஒளியும். அதுதான் ஆரோக்கியம். ஒளிந்துகொள்ள ஆள் இல்லாத பிள்ளைதான் எல்லாரிடமும் ஓடும். 1945-இல் ரெனே ஸ்பிட்ஸ் என்ற மனநல மருத்துவர் இரண்டு இடத்துக் கைக்குழந்தைகளை ஒப்பிட்டு எழுதினார். ஒன்று சுத்தமும் உணவும் குறையாத அநாதை விடுதி. மற்றொன்று, தாய்மார் தாங்களே குழந்தையைப் பார்த்துக்கொண்ட பெண்கள் சிறை. நன்றாக வளர்ந்தவை சிறைக் குழந்தைகள். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000-த்தில் தொடங்கிய ஆய்வும் இதையே வேறு வழியில் காட்டியது. விடுதிகளில் இருந்த 136 சிறு குழந்தைகளில் ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பித் தொடர்ந்து கவனித்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் தேறினார்கள், அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்கள் நன்றாகவே தேறினார்கள்.

குறுகிய காலம் வருகிறவர்களைப் பிள்ளைகளிடம் விடாமல் சலவைக்கு அனுப்புவதன் காரணம் இதுதான். மாதம் ஒருவர் வந்து கொஞ்சிவிட்டுப் போனால், வருஷத்தில் பன்னிரண்டு தடவை ஒரு குழந்தை தாயை இழக்கிறது.

நீண்ட காலம் இருப்பவரும் கவனமாக இருக்க வேண்டும். பிள்ளை யாரிடம் ஒட்ட வேண்டும்? நிரந்தரமாக இருக்கப்போகிறவரிடம். முதலில் பெற்றோர், பாட்டி, சித்தி. அவர்கள் வரும்வரை அந்தப் பிள்ளைக்கென்று ஒதுக்கப்பட்ட உள்ளூர்ப் பராமரிப்பாளர். அடிபட்டு ஓடிவரும் பிள்ளையைத் தூக்கி, “வா, அக்காவிடம் போவோம்” என்று அவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். புதுச் சட்டை, இனிப்பு என்று நீங்கள் கொடுக்க நினைப்பதையெல்லாம் அவர் கையால் கொடுக்கவையுங்கள். உங்களுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் வலிக்கும். வலிக்கட்டும்.

பாதுகாப்பு விதிகள் எளியவை, விதிவிலக்கு இல்லாதவை. மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்காதீர்கள். உங்கள் அறைக்குத் தூங்க அழைத்துப் போகாதீர்கள். அடிக்கவே கூடாது. யார் மேலாவது சந்தேகம் வந்தால், அவர் போதகராகவே இருந்தாலும், இல்லத்தின் நிறுவனராகவே இருந்தாலும், அன்றே எழுத்தில் புகார் கொடுங்கள். ‘சபைக்குக் கெட்ட பெயர்’ என்று யாராவது சொன்னால் நேராகச் சட்டப்படி உள்ள அதிகாரியிடம் போங்கள்.

அநாதை என்ற சொல்

ரிஜிஸ்டரில் ‘அநாதை’ என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். யுனிசெஃப் கணக்கில் தாயோ தந்தையோ ஒருவர் இறந்திருந்தாலே அந்தச் சொல் வந்துவிடும். இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். தாய் பிரசவத்தில் இறந்திருப்பாள், தகப்பனுக்குக் கைக்குழந்தைக்குப் பால் வாங்க வழியிருக்காது. வறுமை மட்டுமே பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் காரணமாகக் கூடாது என்கின்றன 2009-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு நெறிமுறைகள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் குடும்பச் சூழல்தான் வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது.

மெலிவு நோயும் அப்படியே. பசி இருந்து, வேறு சிக்கல் இல்லாத பிள்ளையை வீட்டில் வைத்தே அந்தச் சிகிச்சைப் பசையால் குணமாக்கலாம் என்று 2007-லேயே உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃப்பும் சேர்ந்து சொல்லிவிட்டன. ஒரு பொட்டலம் 92 கிராம், 500 கலோரி, சமைக்கவோ தண்ணீர் கலக்கவோ வேண்டாம். ஆக, வாசலுக்கு ஒரு தாய் மெலிந்த பிள்ளையோடு வந்தால் “எங்களிடம் விட்டுவிட்டுப் போங்கள்” என்பது கடைசிப் பேச்சாக இருக்கட்டும். முதல் பேச்சு, “நீங்களும் உள்ளே வாருங்கள்.”

வந்த அன்றே எழுத வேண்டியவை: யார் கொண்டுவந்தார், எந்த ஊர், யாரெல்லாம் உறவு, பிள்ளை வீட்டில் எந்தப் பெயரில் கூப்பிடப்பட்டது, எந்த மொழியில் பேசியது. ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. எங்கள் இல்லத்தில் ஒரு சிறுமிக்கு நாங்கள் வைத்த புதுப் பெயரே நிலைத்துவிட்டது. பாட்டி இரண்டு வருஷம் தேடி வந்து நின்றபோது, அவர் சொன்ன பெயரில் எங்கள் ரிஜிஸ்டரில் பிள்ளையே இல்லை. பாட்டி சொன்ன காது மச்சம்தான் காப்பாற்றியது. அன்றிலிருந்து பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கும் ஆசையை விட்டுவிட்டோம்.

படமும் பணமும்

ஆதரவாளர்களுக்குக் கடிதம் எழுதியாக வேண்டும், புரிகிறது. ஆனால் விலா எலும்பு தெரியும் படம் வேண்டாம். அந்தப் பிள்ளை இருபது வயதில் தன் பெயரைத் தேடும்போது அந்தப் படம் கிடைக்கக் கூடாது. முகம், பெயர், ஊர், நோய் இந்த நான்கையும் சேர்த்து எதிலும் போடாதீர்கள். பால் ஜாடி, சார்ட், சலவைக் கொடி ஆகியவற்றைப் படமெடுங்கள். உங்கள் பணம் எங்கே போகிறது என்று அவையே சொல்லும்.

கணக்கு விஷயத்தில் ஜார்ஜ் முல்லரை நினைத்துக்கொள்ளலாம். 1836-இல் பிரிஸ்டலில் அநாதை இல்லம் தொடங்கிய அவர், மனிதரிடம் கேட்காமல் ஜெபத்தில் மட்டும் கேட்டார் என்பதைத்தான் எல்லாரும் பிரசங்கத்தில் சொல்வார்கள். வந்த ஒவ்வொரு காசையும் எழுதி வருஷாவருஷம் அறிக்கை போட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரு பிள்ளை போய்விட்டால்

எல்லாம் சரியாகச் செய்தும் சில பிள்ளைகள் இறப்பார்கள். முதல் தடவை நான் மூன்று நாள் பேசவில்லை. உடனடி வேலைகள் இருக்கின்றன: டாக்டர் உறுதிசெய்வது, உறவினருக்குச் செய்தி, சட்டப்படி பதிவு, அவர்கள் முறைப்படி அடக்கம். அவர்கள் வேறு மதமாக இருந்தால் அவர்கள் சடங்குதான். பக்கத்துக் கட்டில் பிள்ளைகளிடம் “ஊருக்குப் போயிருக்கிறான்” என்று பொய் சொல்லாதீர்கள். அடுத்த நாள் டாக்டரும் எல்லாருமாக உட்கார்ந்து சார்ட்டைத் திரும்பப் படியுங்கள். யாரைத் திட்டுவதற்கும் இல்லை, எந்த மணியில் எது தெரிந்தது என்று பார்ப்பதற்கு. “தேவனுடைய சித்தம்” என்ற வார்த்தையை அந்தக் கூட்டம் முடியும்வரை எடுக்காதீர்கள்.

வாரம் ஒரு நாள் விடுப்பு எடுங்கள், இல்லத்தைவிட்டு வெளியே போங்கள். தூக்கமில்லாதவர் அளக்கும் மருந்து யாருக்கும் நல்லதில்லை.

கிளம்பும்போது

போகிற தேதியைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். புரிகிற வயதுப் பிள்ளைக்கு நாட்காட்டியில் காட்டுங்கள். தூங்கும்போது சொல்லாமல் போய்விடுவது உங்களுக்குத்தான் சுலபம். திரும்பி வருவேன் என்று நிச்சயமில்லாமல் வாக்குக் கொடுக்காதீர்கள்.

கடைசி வாரம் ஒரு நோட்டில் பிள்ளைக்கு அரைப் பக்கம் எழுதுங்கள். சார்ட்டில் இல்லாததை மட்டும். நான் கிளம்பியபோது அந்த 5 கிலோ பையன் 11 கிலோ ஆகியிருந்தான், பாட்டி வீட்டுக்குப் போக இன்னும் மூன்று வாரம் இருந்தது. அவனுக்கு நான் எழுதி வைத்தது இது:

‘இடது பக்கம் படுத்தால்தான் தூங்குவான். கிண்ணம் காலியானால் இன்னும் பயம் வரும், அழுவான். அடுத்து எப்போது கிடைக்கும் என்று சொன்னால் போதும், நிறுத்திவிடுவான். கடிகாரத்தில் பெரிய முள்ளைக் காட்டத் தெரியும். பாட்டியிடமும் ஒரு கடிகாரம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளவும்.’